பள்ளி ஆலோசகர்: நியமன ஆணைக்குப் பிறகு

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, பள்ளி ஆலோசகர்களாகிய எங்கள் தொழிலுக்கு இதுவரை இல்லாத ஒரு சட்டப் பிடிமானத்தைக் கொடுத்தது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துவந்த மாணவி ஒருவரின் மரணம் குறித்து அவருடைய தந்தை தொடுத்த வழக்கு அது. நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா அமர்வு, விசாரணையை சி.பி.ஐ.க்கு மாற்றியதோடு நிற்காமல், பள்ளி, கல்லூரி, பயிற்சி மையம், விடுதி என எல்லாக் கல்வி நிலையங்களுக்கும் பொருந்தும் 15 நெறிமுறைகளை வகுத்தது. நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் இடத்தில் தகுதிபெற்ற ஆலோசகர், உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரில் குறைந்தது ஒருவராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிய நிலையங்கள் வெளியிலிருக்கும் மனநல வல்லுநர்களோடு முறையான தொடர்பு வைத்திருக்க வேண்டும். ஊழியர் அனைவருக்கும் ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி தரப்பட வேண்டும். உரிய சட்டம் வரும்வரை இவை நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும். இதைப் படித்த இளைஞர்கள் பலர், உளவியல் படித்தவர்களுக்கு இனி வேலைக்குக் குறைவில்லை என்று மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் இந்தத் தொழிலில் பல பத்தாண்டுகளைக் கழித்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும்: ஆலோசகர் இருக்கிறாரா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று எழுதிக்கொடுப்பது எளிது. அவருடைய பணி நடக்கிறதா என்பதை முடிவுசெய்வது அவர் எந்த நிபந்தனைகளின்கீழ் நியமிக்கப்பட்டார் என்பதே. நாம் எண்ணிக்கைக்காகப் போராடியது போதும். இனி நிபந்தனைகளுக்காகப் பேச வேண்டும்.

இந்தக் கோரிக்கை புதியதென்று நினைப்பவர்கள் பழைய அறிக்கைகளைப் புரட்டிப் பார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக நெடுங்காலம் இருந்த ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, 1953-லேயே பயிற்சிபெற்ற வழிகாட்டும் அலுவலர்களும் தொழில் வழிகாட்டும் ஆசிரியர்களும் படிப்படியாக எல்லாப் பள்ளிகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே டெல்லியில் கல்வி, தொழில் வழிகாட்டுதலுக்கான மத்தியப் பணியகம் தொடங்கப்பட்டது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு இன்னும் நடைமுறையாகச் சிந்தித்தது. பள்ளிக்கு ஓர் ஆலோசகர் என்பது உடனே ஆகாத காரியம் என்று கண்டு, குறைந்த அளவாகப் பத்துப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகர் என்று கணக்குப் போட்டது; எளிய பணிகளை ஆசிரியர்கள் பகிர்ந்துகொள்ளட்டும் என்றது. அறுபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் குறைந்தபட்சக் கணக்கே பெரும்பாலான அரசுப் பள்ளிகளுக்கு எட்டாக்கனியாக இருப்பது ஏன்? பரிந்துரைகளில் குறையில்லை. வழிகாட்டும் ஆசிரியர் என்ற பொறுப்பு ஏற்கெனவே வாரம் முழுதும் வகுப்பெடுக்கும் ஒருவரின் தோளில் கூடுதலாக ஏற்றப்பட்டது. அவருடைய பாடவேளை குறைக்கப்படவில்லை. அந்தப் பணிக்கென்று தனிப் பணிநிலையும் பதவி உயர்வும் மேற்பார்வையும் உருவாகவில்லை. யாருடைய முழுநேர வேலையாகவும் இல்லாத ஒன்று, தேர்வுக் காலம் வந்ததும் முதலில் கைவிடப்படும். எங்கள் தொழிலின் வரலாறு முழுக்க இந்தப் பாடமே மீண்டும் மீண்டும் வருகிறது.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் ஆலோசகர் என்ற ஆள் பெருநகரங்களின் சில தனியார் பள்ளிகளில்தான் இருந்தார். ஒழுங்கு மீறிய பிள்ளையை அவரிடம் அனுப்புவது ஒரு தண்டனையாகவே கருதப்பட்டது. அறைக்குள் போய்வந்த பிள்ளையை மற்றவர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். பெற்றோர் அதை அவமானமாக எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவு எடுப்பது என்று கேட்பதற்கு மட்டும் தயக்கமின்றி வந்தார்கள். மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் (சி.பி.எஸ்.இ.) 1998-ல் தேர்வுக்கால தொலைபேசி ஆலோசனையைத் தொடங்கியபோது, தேர்வு அச்சம் என்பது பேசத்தக்க ஒன்று என்ற அங்கீகாரமாவது கிடைத்தது. ஆனால் அந்தக் காலத்தின் மிகப் பெரிய பாடம் ஆலோசனை அறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1986-ல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பு, தேர்வு முடிவு வெளியாகும் நாட்களில் நேரும் மரணங்களைக் கவனித்து, தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே மறுதேர்வு எழுத வழிசெய்யுங்கள் என்று அரசிடம் வாதாடியது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் தமிழக அரசு அதை ஏற்று, ஒரு மாத இடைவெளியில் சிறப்புத் துணைத்தேர்வு நடத்தத் தொடங்கியது. தேர்வுத் தோல்வியை ஒட்டிய மரணங்கள் அதன்பின் குறைந்தன. ஆயிரம் பிள்ளைகளிடம் தனித்தனியாக ‘இது உலகத்தின் முடிவல்ல’ என்று சொல்வதைவிட, அது உண்மையிலேயே முடிவாகாதபடி விதியை மாற்றியது பெரிய காரியம். 2017-ல் தமிழக அரசு பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற தரவரிசை வெளியீட்டை நிறுத்தியதும் இதே வகைதான்.

இதிலிருந்துதான் எங்கள் தொழிலை நோக்கிய மிக வலுவான மறுப்பும் எழுகிறது. தேர்வு முறை, சாதி, வறுமை, வன்முறை இவை சமூகத்தின் நோய்கள்; அவற்றைப் பிள்ளையின் மனக்குறையாக மாற்றி, ஓர் அறைக்குள் உட்காரவைத்து மூச்சுப் பயிற்சி சொல்லித்தருவதுதானே ஆலோசனை என்று கேட்கிறார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் அவரோடு படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்கு, எந்த ஆலோசகரின் மென்மையான சொல்லும் மருந்தாகாது. அதையொட்டி அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அளித்த அறிக்கை, கையில் வண்ணக் கயிறு கட்டுவது முதல் ஆசிரியர் நியமனம் வரை சாதி பள்ளிக்குள் நுழையும் வழிகளைப் பேசியது. அதே அறிக்கைதான் பள்ளி நல அலுவலர் என்ற புதிய பதவியையும் பரிந்துரைத்தது. இரண்டும் ஒரே அறிக்கையில் இருப்பது முரண் அல்ல. ஒரு மாணவன் இரண்டு வாரம் பள்ளிக்கு வராமல் இருந்தால், அது காய்ச்சலா, காதலா, கந்துவட்டியா, சாதிச் சீண்டலா என்பதைக் கேட்டறிய வகுப்பறைக்கு வெளியே ஓர் ஆள் வேண்டும். பத்துப் பிள்ளைகள் ஒரே காரணத்தைச் சொல்லும்போது, அது தனிமனிதப் பிரச்சினை அல்ல என்று நிர்வாகத்திடமும் அரசிடமும் எடுத்துச் சொல்லத்தக்க இடத்தில் அந்த ஆள் இருக்க வேண்டும். நல்ல ஆலோசகர் சமூகக் காரணத்தை மறைப்பதில்லை. அதை முதலில் கேள்விப்படுபவரே அவர்தான். கேள்விப்பட்டதைச் சொல்லும் துணிவை அவருக்குத் தருவது அவருடைய பதவியின் பாதுகாப்பு.

2012-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு ஒரு திருப்பம். அந்த ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் ஓர் ஆசிரியை வகுப்பறையிலேயே ஒன்பதாம் வகுப்பு மாணவனால் கொல்லப்பட்டார். பள்ளிப் பிள்ளைகளின் மனநிலை பற்றிய பேச்சு அன்றுதான் நாளிதழ்களின் முதல் பக்கத்துக்கு வந்தது. அதற்கடுத்து அரசு நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களை அறிவித்தது. உளவியலாளர் ஒருவரோடு பள்ளி பள்ளியாகச் செல்லும் பத்து வாகனங்கள், அன்றைய முப்பத்திரண்டு மாவட்டங்களுக்கும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலர் உளவியலாளர் ஒருவரை நேரில் பார்த்தது அதுவே முதல் முறை. அந்த முயற்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதன் கணக்கிலேயே அதன் எல்லையும் இருந்தது. மூன்று மாவட்டங்களைச் சுற்றிவரும் ஒருவர் ஒரே பள்ளிக்குத் திரும்பி வர எத்தனை மாதம் ஆகும்? கூட்டமாக உட்காரவைத்து வளரிளம் பருவம் பற்றி உரையாற்றலாம். பிரச்சினை நடந்த பள்ளிக்கு விரைந்து செல்லலாம். வீட்டில் நடப்பதைச் சொல்லத் தயங்கும் ஒரு பெண்பிள்ளை முதல் நாள் பார்த்த அந்நியரிடம் வாய்திறக்க மாட்டாள். முதல் வாரம் தலைவலி என்பாள், இரண்டாம் வாரம் படிப்பு ஏறவில்லை என்பாள், நான்காம் வாரமோ ஐந்தாம் வாரமோதான் உண்மையான சொல் வரும். அதே முகம், அதே கிழமை, அதே அறை என்பதுதான் எங்கள் தொழிலின் அடிப்படைக் கருவி. வேறு எந்தச் சோதனைத்தாளும் கேள்விப்பட்டியலும் அதற்கு ஈடாகாது.

அதே 2012-ன் நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்த, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் எங்கள் அறையின் தன்மையையே மாற்றியது. அதற்கு முன்பு, ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொன்னால், ‘குடும்ப மானம்’, ‘பள்ளியின் பெயர்’ என்ற இரண்டு பேச்சுகளுக்கு நடுவில் விஷயம் அமுங்கிப்போவது வழக்கம். இப்போது அப்படியொரு குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 19-ஆவது பிரிவு. தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழ் வேலைசெய்பவரின் குற்றத்தை நிறுவனத்தின் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை என்கிறது 21-ஆவது பிரிவு. இதனால் பிள்ளைகள் வாய்திறக்க அஞ்சுவார்கள், ரகசியம் என்ற உறுதிமொழி உடைந்துபோகும் என்று எங்களில் சிலர் அன்று கவலைப்பட்டார்கள். அந்தக் கவலைக்குத் தொழில் கண்டுபிடித்த விடை எளியது: முதல் சந்திப்பிலேயே எல்லையைச் சொல்லிவிடுவது. ‘நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன். உன் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து, அல்லது வேறொருவருக்கு ஆபத்து என்றால் மட்டும் உனக்குச் சொல்லிவிட்டு, உன்னைக் காக்க முடிந்தவர்களிடம் சொல்வேன்’ என்று பிள்ளைக்குப் புரியும் தமிழில் முன்கூட்டியே சொன்னால், பிள்ளைகள் அதை ஏற்கிறார்கள். எல்லை தெரிந்த ரகசியத்தின்மீது வைக்கும் நம்பிக்கை, எல்லையில்லாத உறுதிமொழியின்மீது வைக்கும் நம்பிக்கையைவிட உறுதியானது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. குற்றம்சாட்டப்படுபவர் பள்ளியின் ஊழியராக இருந்து, ஆலோசகரின் வேலையும் அதே நிர்வாகத்தின் கையில் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தமாக இருந்தால், சட்டம் கேட்கும் துணிவை அவர் எங்கிருந்து பெறுவார்?

நிபந்தனைகள் என்று நான் சொல்வது இதைத்தான். முதலாவது நேரமும் இடமும். ஆலோசகராக வேலைக்குச் சேர்பவர் பல பள்ளிகளில் விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்பவராக, ஆண்டுவிழாத் தொகுப்பாளராக, சேர்க்கைக் காலத்தில் பெற்றோரை வரவேற்பவராக மாறிப்போகிறார். அவருக்கென்று கதவு மூடும் ஓர் அறை இருப்பதில்லை. நூலகத்தின் மூலையிலோ அலுவலக மேசையின் ஓரத்திலோ உட்காருகிறார். மாற்று வகுப்பில் பிள்ளையைக் கண்டித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் அதே பிள்ளையிடம் மனம்திறந்து பேசு என்று கேட்க முடியாது. இரண்டாவது, குறிப்பேட்டின் உரிமை. தலைமையாசிரியரும் தாளாளரும் ‘என்ன சொன்னான்?’ என்று கேட்பது அக்கறையினால்தான் பெரும்பாலும். ஆனால் எதைச் சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்று எழுதிவைத்த விதி இல்லாத பள்ளியில், மறுக்கும் ஒவ்வொரு முறையும் ஆலோசகர் ஒத்துழைக்காதவராகத் தெரிவார். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ரகசியத்தை ஓர் உரிமையாக அங்கீகரித்தாலும், அது மருத்துவ அமைப்பையும் பதிவுபெற்ற வல்லுநர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. பள்ளி அறையில் நடக்கும் பேச்சுக்குப் பள்ளியே எழுத்தில் பாதுகாப்புத் தர வேண்டியிருக்கிறது. மூன்றாவது, பணிப் பாதுகாப்பு. இந்த மூன்றும் இல்லாத இடத்தில் முதுகலைப் பட்டமும் பல ஆண்டு அனுபவமும் பயன்படுவதில்லை. இருந்தால், நடுத்தரத் திறமை உள்ளவரும் பிள்ளைகளுக்கு உண்மையான உதவியைச் செய்ய முடிகிறது.

நாட்டின் வெவ்வேறு ஏற்பாடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் ஆலோசகர் ஒவ்வோர் ஆண்டும் நேர்காணலில் தேர்ந்தெடுக்கப்படும் தொகுப்பூதியப் பணியாளர். ஜூன் மாதம் வருபவர் அடுத்த ஜூனில் அதே பள்ளியில் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. சி.பி.எஸ்.இ.யின் 2018-ஆம் ஆண்டு இணைப்பு விதிகள் முழுநேர ஆலோசகரைக் கட்டாயமாக்கி, 9 முதல் 12 வரையான வகுப்புகளில் 300-க்கும் குறைவானவர் படிக்கும் பள்ளிக்கு மட்டும் பகுதிநேரம் போதும் என்றன. ஆனால் அவருடைய ரகசியக் கடமையையோ மேற்பார்வையையோ அந்த வரி தொடவில்லை. கேரளத்தில் அரசுப் பள்ளி ஆலோசகர்கள் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் துறையின் உளவியல்-சமூக சேவைத் திட்டத்தின்கீழ் வருகிறார்கள். ஆலோசகருக்குச் சம்பளம் தருவதும் அவரிடம் அறிக்கை கேட்பதும் பள்ளிக்கு வெளியே இருக்கும் ஒரு துறை என்பதால், பள்ளிக்குள் நடப்பதைச் சொல்ல அவருக்குச் சற்று இடம் கிடைக்கிறது. அங்கும் ஒப்பந்தப் பணி என்ற குறை நீடிக்கிறது. டெல்லி அரசுப் பள்ளிகளில் கல்வி, தொழில் வழிகாட்டும் ஆலோசகர் என்பது தேர்வாணையம் வழியாக நிரப்பப்படும் நிரந்தரப் பதவி. பதவிப் பாதுகாப்பை டெல்லியிலிருந்தும், துறை ஏற்பாட்டைக் கேரளத்திலிருந்தும் எடுத்துச் சேர்த்தால் தமிழ்நாட்டுக்குப் பொருத்தமான ஒரு வடிவம் கிடைக்கும். எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளைகளை நாள்தோறும் பார்ப்பவர் ஆசிரியர். தமிழ்நாட்டு ஆசிரியர்களில் தாயாகவும் தந்தையாகவும் நடந்துகொள்பவர்கள் ஏராளம். பயிற்சி கொடுத்தால் அவர்களே செய்துவிடுவார்கள் என்பது வாதம். இதைச் சோதித்துப் பார்த்த ஓர் ஆய்வு இந்தியாவிலேயே நடந்திருக்கிறது. பீகாரின் நாளந்தா மாவட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ‘சேஹர்’ ஆய்வின் முடிவுகள் 2018-ல் ‘லான்செட்’ இதழில் வந்தன. ஒரே நலத்திட்டத்தைச் சில பள்ளிகளில் அதற்கென்றே நியமிக்கப்பட்ட, உளவியல் பட்டம் இல்லாத பயிற்சிபெற்ற ஆலோசகர்கள் நடத்தினார்கள். வேறு சில பள்ளிகளில் ஆசிரியர்கள் நடத்தினார்கள். தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது; மனச்சோர்வும் சீண்டலும் வன்முறையும் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் அந்தப் பயன் தெரியவில்லை. ஆசிரியருக்கு அன்பு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. மதிப்பெண் போடுபவரும் பெற்றோரை வரச்சொல்பவரும் அவர். பாடத்திட்டத்தை முடிக்க வேண்டியவரும் அவர். ஒரே ஆளிடம் அதிகாரத்தையும் அடைக்கலத்தையும் சேர்த்துக் கொடுத்தால், பிள்ளைக்கு அதிகாரம்தான் கண்ணில் படும். ஆசிரியரின் பங்கு வேறு: வாடிய முகத்தை முதலில் கவனிப்பது, தக்க இடத்துக்கு அனுப்புவது. அனுப்புவதற்கு ஓர் இடம் இருந்தால்தான் அந்தக் கவனிப்புக்குப் பயன் உண்டு.

அந்த ஆய்வு இன்னொரு மறுப்புக்கும் விடை சொல்கிறது. தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. இத்தனைக்கும் உளவியல் முதுகலை படித்தவர்களுக்கு எங்கே போவது, பணத்துக்கு எங்கே போவது என்பது நிதித்துறையின் நியாயமான கேள்வி. பயிற்சி பெற்றால் உளவியல் பட்டம் இல்லாதவர்களும் இந்தப் பணியைச் செய்ய முடியும் என்று ‘சேஹர்’ காட்டியது. அந்த அரசுப் பள்ளிகளிலும் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிகளும் நடுநிலைப் பள்ளிகளும்தான். நூறு பிள்ளைகளுக்குக் குறைவாக உள்ள சிறு பள்ளிகளுக்கு வெளித்தொடர்பு போதும் என்று தீர்ப்பே சொல்கிறது. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு முதலில் ஆளைக் கொடுத்து, சுற்றியுள்ள சிறு பள்ளிகளை அதே ஆளின் வாராந்திரச் சுற்றில் சேர்க்கலாம். கோத்தாரி குழுவின் பத்துப் பள்ளிக் கணக்கு இன்றும் பொருந்தும். பள்ளியளவில் பயிற்சிபெற்ற ஆலோசகர், ஒன்றிய அளவில் அவர்களை மேற்பார்வையிடும் உளவியலாளர், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனையின் மாவட்ட மனநலத் திட்டக் குழு என்று மூன்றடுக்காக அமைத்தால், குறைவாக இருக்கும் வல்லுநர்கள் எல்லா ஊருக்கும் பயன்படுவார்கள். அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கம் 250 மாணவர்களுக்கு ஒருவர் என்கிறது. அந்த எண்ணிக்கையை நாளையே எட்ட வேண்டுமென்று நான் கேட்கவில்லை. எந்தப் பிள்ளைக்கும் வாரத்தில் ஒரு நாள், பெயர் தெரிந்த ஓர் ஆள் தன் பள்ளிக்கு வருவார் என்ற உறுதி போதும் என்கிறேன். செலவைப் பற்றிப் பேசும்போது மறுபக்கத்தையும் வைத்துப் பார்க்க வேண்டும்: தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர்.

தொலைபேசி உதவி எண்கள் இவ்வளவு இருக்கும்போது பள்ளிக்கு ஆள் எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். தமிழக அரசின் 104, கல்வி வழிகாட்டுதலுக்கான 14417, 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் டெலி-மானஸ் 14416, குழந்தைகளுக்கான 1098 எல்லாமே உயிர்களைக் காக்கும் வேலையைச் செய்கின்றன. 2021-ல் நீட் எழுதிய லட்சத்துக்கும் அதிகமான தமிழக மாணவர்களை அரசே அழைத்துப் பேசியது பாராட்டத்தக்க முன்மாதிரி. நள்ளிரவில் தனித்திருக்கும் ஒருவருக்குத் தொலைபேசியைப் போல் வேறெதுவும் உதவாது. என் போன்றவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்போம். ஆனால் உதவி எண் காத்திருக்கிறது. அழைப்பு வந்தால்தான் அதற்கு வேலை. அழைக்கவே தோன்றாத பிள்ளைக்கும், கைபேசி வீட்டில் அப்பாவிடம் இருக்கும் பிள்ளைக்கும் அது எட்டாது. பள்ளியில் இருக்கும் ஆலோசகர் தேடிப் போகிறார்: வருகைப் பதிவேட்டைப் பார்க்கிறார், மதிப்பெண் திடீரென்று சரிந்தவரைக் கவனிக்கிறார், எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளையை மந்தம் என்று ஒதுக்காமல் கற்றல் குறைபாட்டுப் பரிசோதனைக்கு அனுப்பி, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் அந்தப் பிள்ளைக்கு உரிய தேர்வுச் சலுகைகளை வாங்கித் தருகிறார். உதவி எண்ணும் ஆலோசகரும் ஒருவருக்கொருவர் துணை. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

இந்தத் தொழிலுக்குள் வர நினைக்கும் இளைஞர்களுக்கு இப்போதைய நிலவரத்தைச் சொல்ல வேண்டும். நீண்ட காலம் இந்தியாவில் யார் வேண்டுமானாலும் ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை இருந்தது. மருத்துவ உளவியலாளர் போன்ற சிலருக்கு மட்டும் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் பதிவு இருந்தது. பள்ளியில் வேலைசெய்பவர்களுக்கு எந்தப் பதிவேடும் இல்லை. 2021-ல் வந்த தேசிய இணை மருத்துவ, நலப்பணி வல்லுநர்கள் ஆணையச் சட்டம் நடத்தை நலத் துறையினரையும் தன் பட்டியலில் சேர்த்தது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழக மானியக் குழு, அந்தச் சட்டத்தில் அடங்கும் உளவியல் போன்ற படிப்புகளை 2025 ஜூலை-ஆகஸ்ட் கல்விப் பருவம் முதல் தொலைதூர, இணைய வழியில் நடத்தக் கூடாது என்று அறிவித்தது. வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை முடித்து இத்துறைக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேர். அந்த வாசல் மூடியது அவர்களுக்கு இழப்புதான். ஆயினும் ஒரு பிள்ளையிடம்கூட மேற்பார்வையில் பேசிப் பழகாமல் பட்டம் மட்டும் பெற்று, நேராகப் பள்ளி அறைக்குள் உட்காருவது பிள்ளைகளுக்கு இழப்பு. இதற்குச் சரியான பரிகாரம், மாவட்டந்தோறும் அரசுக் கல்லூரிகளில் மாலை நேரப் படிப்பாகவாவது நேரடிப் பயிற்சியோடு இதைத் திறந்துவிடுவது. தகுதிபெற்ற சமூகப் பணியாளர்களையும் தீர்ப்பு ஏற்கிறது என்பதைச் சமூகப் பணி முதுகலை மாணவர்கள் கவனிக்க வேண்டும். குடும்பத்தையும் ஊரையும் சேர்த்துப் பார்க்கும் பயிற்சி அவர்களுக்கு உண்டு, பள்ளிக்கு அது மிகவும் தேவை.

வாய்ப்புகள் எங்கே என்று கேட்டால், தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளிகள் முதலில் நிற்கின்றன. கேந்திரிய வித்யாலயா, நவோதயா பள்ளிகளின் ஒப்பந்தப் பணிகள் அடுத்து. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ஆற்றுப்படுத்துநர் பணியிடங்களும், உதவி எண் மையங்களும், தொண்டு நிறுவனங்களும் இருக்கின்றன. 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட ‘நான் முதல்வன்’ திட்டம், உயர்கல்வி, வேலை வழிகாட்டுதலை அரசுப் பள்ளிகளின் அன்றாடப் பேச்சாக்கியிருக்கிறது. உச்ச நீதிமன்ற நெறிமுறைகளும் மாணவர்களுக்கும் பெற்றோருக்கும் தொழில் வழிகாட்டுதல் முறையாகத் தரப்பட வேண்டும் என்கின்றன. அந்த அறிவு இல்லாத ஆலோசகர் இனி பாதி ஆலோசகரே. பிரிவுத் தேர்வு பற்றிக் கேட்க வரும் பிள்ளைதான், பேச்சு நீளும்போது, டாக்டராகாவிட்டால் அப்பா முகத்தில் விழிக்க முடியாது என்று சொல்லும். வேலையில் சேரும்முன் நிர்வாகத்திடம் நேரடியாகக் கேளுங்கள்: எனக்குத் தனி அறை உண்டா? மாற்று வகுப்பு எனக்கு வருமா? என் குறிப்பேட்டை யார் பார்க்கலாம் என்று எழுத்தில் தருவீர்களா? போக்சோ புகார் எழுந்தால் பள்ளியின் நடைமுறை என்ன? எனக்குமேல் தொழில்முறை மேற்பார்வை யார்? இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் பள்ளியில் நல்ல சம்பளம் கிடைத்தாலும் நல்ல வேலை கிடைக்காது.

பெற்றோரின் தயக்கம் கடைசியாக நிற்கும் மறுப்பு. பிள்ளை எங்களிடம் சொல்லாததை ஓர் அந்நியரிடம் ஏன் சொல்ல வேண்டும், அதை எங்களுக்கு மறைக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்கிறார்கள். பெற்றோரின் இடத்தைப் பிடிக்க எந்த ஆலோசகரும் வருவதில்லை. நல்ல ஆலோசனை பெரும்பாலும் பிள்ளையைத் தன் வீட்டிலேயே பேசவைப்பதில் போய்த்தான் முடிகிறது. அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்ப்பதே பல சந்திப்புகளின் வேலை. ஆபத்து இருந்தால் பெற்றோருக்குச் சொல்லப்படும், வீடே ஆபத்தாக இருந்தால் சட்டம் காட்டும் வழியில் செல்லப்படும் என்பதைப் பள்ளி ஆண்டுத் தொடக்கத்தில் பெற்றோர் கூட்டத்திலேயே விளக்கிவிட வேண்டும். விளக்கப்பட்ட இடங்களில் எதிர்ப்பு தணிகிறது. முந்தைய தலைமுறையில் பிள்ளையை அனுப்பவே மறுத்த பெற்றோரின் இடத்தில், இன்று தாங்களே நேரம் கேட்டு வரும் பெற்றோர் இருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகளில் நான் கண்ட மாற்றங்களில் எனக்கு மிகுந்த நம்பிக்கை தருவது இதுதான்.

சமூகம் தயாராகிவிட்டது, நீதிமன்றம் ஆணையிட்டுவிட்டது, ஆய்வு வழிகாட்டியிருக்கிறது. மிஞ்சியிருப்பது அரசாணை. தமிழக அரசு பள்ளி ஆலோசகருக்கென்று நிரந்தரப் பணிநிலை ஒன்றை உருவாக்க வேண்டும். பாடவேளைகளை ஏற்றாமல், கதவு மூடும் ஓர் அறையைக் கொடுத்து, ரகசிய விதியை எழுத்தில் வகுத்து, பள்ளிக்கு வெளியே உள்ள துறை ஒன்றின் மேற்பார்வையில் அவரை வைக்க வேண்டும். தனியார் பள்ளிகளுக்கு அங்கீகாரம் புதுப்பிக்கும்போது ஆலோசகரின் பெயரைக் கேட்டால் போதாது. அவருடைய பணி ஆணையின் நகலையும் கேட்க வேண்டும். பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆலோசகர் இருக்கிறாரா என்பதோடு நிறுத்தாமல், அவர் வாரத்தில் எத்தனை மணி நேரம் அந்த வேலையை மட்டும் செய்கிறார் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் போதுமான பேர் கேட்கத் தொடங்கினால், 1953-லிருந்து காகிதத்தில் கிடக்கும் இந்தப் பரிந்துரை நம் காலத்திலேயே நடைமுறைக்கு வரும்.